உன் அப்பப்பா தண்ணீர் வாங்காத வீடு

2025 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது இருபது. இந்த வீட்டின் கணக்கில் ஆட்கள் ஒன்பது பேர். இந்த நிமிடம் உள்ளே இருப்பது நீயும் நானும் மட்டும். மற்ற ஏழு பேரும் தேவாலயத்துக்குப் போயிருக்கிறார்கள். அவர்களுடைய ஆராதனை மத்தியானத்துக்கு முன் முடிந்ததாக நான் அறியேன், ஆகவே எனக்கு நேரம் இருக்கிறது. நீ தூங்குகிறாய். உனக்குப் பதினான்கு மாதம். வருகிற புதன்கிழமையோடு இந்த வீட்டில் ஆட்கள் பத்துப் பேர் ஆகலாம், ஆகாமலும் போகலாம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ படிப்புக்கோ வேலைக்கோ ஆஹெனுக்கோ கொலோனுக்கோ பெட்டி கட்டுகிற நாளில் இதை உன் கையில் தருவதாக எண்ணம். மற்றத் தகப்பன்மார் தலை நரைத்த பிறகு எழுதுவதை நான் முப்பத்தொரு வயதில் எழுதுகிறேன். காத்திருக்க எனக்குத் தெரியாது என்பது ஒரு காரணம். இருபது வருடம் கழித்து எழுதினால் எல்லோரையும் நல்லவர்களாக்கி எழுதிவிடுவேன் என்பது அடுத்த காரணம். இப்போது எழுதினால் உள்ளது உள்ளபடி வரும். தமிழில் எழுதுவது ஏன் என்று கேட்பாய். என்னை என் அம்மா சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனமாதிரி உன்னையும் நான் இழுத்துப் போயிருப்பேன். அப்படியும் உனக்கு வாசிக்க வராவிட்டால், தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்தி வாசிக்கச் சொல். வாசிக்கிறவர் வெட்கப்படுகிற இடங்கள் சில உண்டு. அவற்றையும் விடாமல் வாசிக்கச் சொல்.

முதலில் நீ யாருடைய வீட்டில் வளர்ந்தாய் என்பது. இது உன் அம்மாவின் பெற்றோரின் வீடு. எனக்கு அவர்கள் மாமா, மாமி. கானாவிலிருந்து வந்தவர்கள். மாமா டிராம் வண்டிகள் நிற்கிற பணிமனையில் இரவு வேலை, வண்டிகளைக் கழுவித் துடைத்துக் காலையில் வெளியே விடுகிற குழுவில் ஒருவர். மாமி ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மெஷினுக்குள் கொடுப்பவர். ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்காக ஒரு காலத்தில் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றைப் பல வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கினார்கள். வாங்கியதும் தனியாக இருக்கவில்லை. மாமியின் தங்கை தன் இரண்டு பெண்பிள்ளைகளோடு வந்தார். மாமாவின் அக்காவின் மகன் யாவ் தொழிற்பயிற்சிக்கு என்று வந்தான். கடைசியாக உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு நான் வந்தேன். தனி வீடு எடுக்க எங்களுக்கு வசதி இருந்தது. உன் அம்மா வேண்டாம் என்றாள். நான் ஆறு மாதம் பார்ப்போம் என்றேன். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவர்களுடைய சிக்கனம் என்னைப் பைத்தியமாக்கியது, அதை மறைக்கப்போவதில்லை. காலையில் ஒரு முறைதான் தண்ணீர் கொதிக்கும், அது பெரிய பிளாஸ்கில் ஊற்றி நாள் முழுவதற்கும். சலவை மெஷின் கழுத்துவரை நிரம்பாமல் ஓடாது. என் வேலை உடுப்போடு யாருடைய தேவாலயச் சட்டையும் சேர்ந்து சுற்றும். சந்தைக்கு மாமா போவது வியாபாரிகள் கூடாரம் கழற்றுகிற நேரத்தில். ஐஸ்கிறீம் டப்பாவைத் திறந்தால் உள்ளே காய்ந்த மீன் இருக்கும். நிலவறையில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய் நிற்கிறது. கடையில் மலிவாகக் கிடைத்த சவர்க்காரம், அரிசி, பிள்ளைகளின் காலுக்குச் சிறுத்துப்போன சப்பாத்து எல்லாம் அதற்குள் போகும். நிரம்பினால் கப்பலில் ஊருக்கு ஏற்றிவிட்டு அடுத்த பீப்பாயைத் தொடங்குவார்கள். வீட்டிலுள்ள ஆண்கள் எல்லோருக்கும் சமையலறைக் கதிரையில் இருத்தி மாமாதான் முடி வெட்டுவார். முதல் தடவை எனக்கு வெட்டிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். "நேரான முடி வெட்டிப் பழக்கமில்லை," என்றார். "அது வளரும்."

நான் படித்தது வீடுகளின் வெப்பமூட்டி வேலை. தொழிற்பயிற்சி முடித்து அதன் மேல் தொழில்நுட்பவியலாளர் படிப்பும் படித்தவன். ஒரு வீட்டுக்குள் போனால் ஐந்து நிமிடத்தில் எங்கே வெப்பம் வீணாகிறது என்று சொல்வேன். நீ பிறந்த பிறகு வந்த முதல் குளிர்காலத்தில் ஒவ்வோர் அறை ரேடியேட்டரிலும் தானாக இயங்குகிற குமிழ் பூட்டினேன். மாமி அடுத்த நாளே எல்லாவற்றையும் மூடிவிட்டார். சமையலறையும் உன் அறையும் சூடாக இருந்தால் போதுமாம். குளிர்கிறவர்கள் சமையலறைக்கு வரட்டுமாம். நான் வரைபடம் கீறி விளக்கினேன். மாமி கடைசிவரை கேட்டுவிட்டு, "நல்லாப் படிச்சிருக்கிறாய்," என்று சொல்லி வெங்காயத்தை என் பக்கம் தள்ளினார். இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். மாமாவும் மாமியும் என்னோடு பேசுவது ஜேர்மனில். அதை எங்கள் பேச்சுத் தமிழில்தான் எழுதுகிறேன், அப்போதுதான் அவர்கள் பேசுவதுபோல் எனக்குக் கேட்கிறது.

ஒரு கூரையின் கீழ் இத்தனை பேர் இருப்பது பாசத்தால் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. ஒரு பங்கு வசதி, ஒரு பங்கு பழக்கம், ஒரு பங்கு வேறு போக்கிடம் இல்லாதது. பாசம் பிறகு வரும். குளியலறைக்கு ஒழுங்காக முறை வைத்தால் கொஞ்சம் முந்தி வரும்.

இனி என் அப்பா. உனக்கு அப்பப்பா. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு ஒரு உலோகப் பாகத் தொழிற்சாலையில் ஓய்வுபெறும்வரை நின்றவர். உன் அப்பம்மா இறந்த பிறகு அதே நாலாம் மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். லிப்ட் இல்லாத கட்டடம். மாமாவின் வாழ்க்கையையும் அவருடைய வாழ்க்கையையும் பக்கத்தில் வைத்தால் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும். இரண்டு பேரும் கிழிந்த பையைத் தைத்து மறுபடி கொண்டுபோகிறவர்கள். நிறத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. இதை நான் ஒரு தடவை அவருக்கே சொன்னேன். ஒரு கிழமை என்னோடு பேசவில்லை.

நான் கறுப்பினப் பெண்ணைக் கட்டப்போகிறேன் என்று சொன்னபோது அவர் தடுக்கவில்லை. "உன்ர வாழ்க்கை," என்று மட்டும் சொன்னார். கொலோனில் இருக்கிற என் அத்தை, அவருடைய தங்கை, தொலைபேசியில் ஒரு சொல் சொன்னார். அதை நான் இங்கே எழுதமாட்டேன். இந்த நாட்டில் வளர்ந்த நீ அதன் ஜேர்மன் வடிவத்தைக் கேட்டே இருப்பாய். அப்பா அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பதிவு அலுவலகத்துக்குக் கோட்டுப் போட்டு வந்தார், கையெழுத்து வைத்தார், படத்துக்கு நின்றார். பிறகு இந்த வீட்டில் விருந்து. வாசல்வரை வந்து, தலையிடிக்கிறது என்று பஸ் எடுத்துப் போய்விட்டார்.

நீ பிறப்பதற்கு முன்பும் பிறகும் அவர் இங்கே வராமல் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார். கையில் ஒரு பை தோடம்பழம். ஜாக்கெட்டைக் கழற்றமாட்டார். சோபாவின் நுனியில் இருப்பார். மாமி உடனே ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டுவார். அப்பா கையை அசைப்பார், ஜேர்மன் ஓரளவு தெரிந்தும் என்னிடம் தமிழில் சொல்வார். "வேண்டாம் எண்டு சொல்லு. இப்பதான் சாப்பிட்டனான்." நான், "தாகமில்லையாம்," என்பேன். மாமி கிளாஸை மேசையில் வைத்துவிட்டு எதிரே இருப்பார், மாமாவும் இருப்பார், இரண்டு பேரும் ஒன்றும் பேசமாட்டார்கள். அப்பாவும் பேசமாட்டார். தொலைக்காட்சியில் யாராவது பனியில் சறுக்கிக்கொண்டிருப்பார்கள். நீ இருந்தால் உன்னைத் தூக்கி வைத்திருப்பார். கொஞ்ச நேரத்தில் எழும்புவார். நான் காரில் கொண்டுபோய் விடும்போது ஒவ்வொரு முறையும் அதே பேச்சு.

"என்ன சனமடா இது? ஒரு வீட்டுக்கு ஆள் வந்தா எப்பிடி இருக்கிறியள் எண்டு ஒரு வார்த்தை கேக்கத் தெரியாதோ?"

"நீங்கள் அவை தந்த தண்ணியைக் குடிச்சனீங்களோ?"

"அது வேற கதை."

அது எந்தக் கதை என்று எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் கை நனைப்பது என்றால் அந்த வீட்டாரைத் தனக்குச் சமமாக வைப்பது. வைக்க விருப்பமில்லையென்றால் சண்டை பிடிக்கத் தேவையில்லை. சிரித்துக்கொண்டே இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சொன்னால் போதும். சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் விளங்கிவிடும். இங்கே கேட்கிறவருக்கு விளங்காமல் நான் பார்த்துக்கொண்டேன். நேரே பேசுகிறவன் என்று பெயர் எடுத்த நான் இந்த ஒரு வசனத்தை மட்டும் மாதாமாதம் மாற்றிச் சொன்னேன். அது விரைவில் முடிகிற வழியாக இருந்தது, அவ்வளவுதான்.

போன மாதம் அப்பாவுக்கு முழங்கால் மாற்றினார்கள். அறுவை நன்றாக முடிந்தது, அங்கிருந்து நடை பழக்குகிற கிளினிக்குக்கு அனுப்பினார்கள். இந்தக் கிழமை அங்கே சமூகப் பணி செய்கிற பெண் என்னைக் கூப்பிட்டார். புதன்கிழமை வெளியே விடுவார்கள், ஆனால் நாலு மாடி ஏற இன்னும் சில வாரம் ஆகும். வீட்டில் யாரும் வைத்துப் பார்க்காவிட்டால், பக்கத்து ஊரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் தற்காலிகமாக ஓர் இடம் இருக்கிறது. திங்கட்கிழமைவரை அதைப் பிடித்து வைப்பார். அதற்குப் பிறகு வேறு ஆளுக்குப் போய்விடும். அப்பாவை அங்கே நினைத்துப் பார்த்தேன். தமிழ் பேச ஆளில்லாத இடம், சாயந்தரம் ஐந்தரைக்குப் பாணும் சீஸும், ஆறரைக்கு விளக்கு அணைப்பு. அம்மா போன பிறகு அவர் பேசுவது ஏற்கெனவே பாதியாகிவிட்டது. அங்கே மீதிப் பாதியும் போய்விடும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

இதை நான் சமையலறையில் உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், மாமியிடம் அல்ல. மாமி கேட்டுக்கொண்டு பாத்திரம் கழுவினார். அடுத்த நாள் நான் வேலையால் வந்தபோது கீழ் முன்னறை காலியாக இருந்தது. அது அவர்கள் இருவரின் படுக்கையறை. படியேறத் தேவையில்லாத ஒரே அறை, இரவு வேலை செய்கிற மாமா பகலில் சத்தம் கேட்காமல் தூங்குகிற ஒரே அறையும் அதுதான். கட்டிலை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் மாமா, யாவ் இருவரும் மேலே, குளியலறைக்குப் பக்கத்து அறைக்கு ஏற்றியிருந்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு குழாய் மாற்றுவதற்கு மூன்று ஞாயிறு கூட்டம் வைக்கிற குடும்பம் இது.

நான் அன்று மாலையே கிளினிக்குக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன்.

"அங்கயோ? நான் வரேலாது."

"ஏன்?"

"ஆக்கள் கேட்டா என்ன சொல்லுறது?"

"எந்த ஆக்கள், அப்பா? கட்டில்ல இருந்து எழும்பக் கை தாறதுக்கு அந்த ஆக்களில ஆர் வருவினம்?"

"நான் என்ர வீட்டை போறன். மெல்ல மெல்ல ஏறுவன்."

"பிசியோக்காரி ஏலாது எண்டு எழுதித் தந்திட்டா. விசர்க்கதை கதையாதேங்கோ."

"அப்ப அந்தப் பராமரிக்கிற இடத்தில விடு. காசு கட்டினா அவன் பாப்பான், ஒருத்தற்ற கையையும் பாக்கத் தேவையில்லை."

"சரி, அங்கயே போங்கோ," என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன். கதவை அடித்துச் சாத்தவும் முடியவில்லை. அங்கே கதவுகள் தாமாகத்தான் மூடும்.

இது நடந்தது வியாழக்கிழமை. வீட்டுக்கு வந்தபோது சமையலறையில் மாமா, மாமி, உன் அம்மா மூன்று பேரும் இருந்தார்கள். மாமா வேலைக்குப் போக முன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா வரமாட்டார் என்று சொன்னேன். மாமா கரண்டியை வைத்தார்.

"உன்ர அப்பாவுக்கு எங்களில என்ன வழக்கு?"

"ஒரு வழக்கும் இல்லை."

"ரெண்டு வருசமாத் தண்ணி எடுக்கேல்லை. நீ தாகமில்லை எண்டு சொல்லுறாய். ஒரு மனிசனுக்கு ரெண்டு வருசம் தாகம் வராதோ?"

நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள்தான் விளக்கினாள். அவர்களுடைய ஊரில் வீட்டுக்கு வந்தவருக்கு முதல் தண்ணீர். அவர் குடித்து முடித்த பிறகுதான் வீட்டுக்காரர் என்ன விசயமாக வந்தீர்கள் என்று கேட்பார். அப்படிக் கேட்ட பிறகுதான் சுகம் விசாரிப்பு, பேச்சு, சிரிப்பு எல்லாம். தண்ணீர் வாங்காமல் இருக்கிறவரிடம் ஒன்றும் கேட்பதில்லை. அவர் ஏதோ மனக்குறையோடு வந்திருக்கிறார், அதைத் தானாகச் சொல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஆகவே இரண்டு வருடமாக மாமாவும் மாமியும் மரியாதையாகப் பொறுத்திருந்தார்கள். அப்பாவோ, இவர்களுக்கு ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை என்று காரில் பொரிந்துகொண்டிருந்தார். உன் அம்மா இங்கே பிறந்தவள். இதெல்லாம் பெரிய ஆட்களின் விசயம் என்று விட்டுவிட்டாள். என் மொழிபெயர்ப்பையும் நம்பினாள்.

"அப்ப வழக்கு இல்லையெண்டா, என்ன?" என்றார் மாமா.

அந்த இடத்தில் இன்னொரு பொய்யும் என்னிடம் தயாராக இருந்தது. வைத்தியர் தண்ணீர் குறைக்கச் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அலுத்துவிட்டது.

"எங்கட ஊரில தங்களிலும் குறைஞ்ச ஆக்கள் எண்டு நினைக்கிற வீட்டில வாய் நனைக்க மாட்டினம்."

"எங்களைக் குறைஞ்ச ஆக்கள் எண்டு நினைச்சவர்."

"ஓம்."

"இப்ப?"

"இப்பவும்தான்."

உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை, அது எனக்கும் அவளுக்கும் இடையிலான கணக்கு. மாமி குழாயை மூடினார். "முதலே சொல்லியிருந்தா ஒவ்வொரு முறையும் அந்தக் கிளாஸைக் கழுவின தண்ணி மிச்சம்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அறை காலியாத்தான் இருக்கும். நான் சாமானைத் திருப்பிக் கீழ இறக்க மாட்டன், இடுப்பு நோகுது. ஆனா உன்ர அப்பா இங்க வந்தா இங்க சமைக்கிறதைச் சாப்பிடுவார். அவருக்கெண்டு வேற இடத்தில இருந்து சாப்பாடு என்ர வாசலைத் தாண்டி வராது. விளங்கிச்சோ?"

"விளங்கிச்சு, மாமி."

மாமா சாப்பாட்டை முடித்தார். தட்டைத் துடைத்து எடுத்தார், எப்போதும்போல ஒரு பருக்கை விடாமல். "நாளைக்கு அங்க எத்தினை மணிக்குப் போவாய்?" என்றார். "நானும் வாறன். எனக்கு அவரிட்ட ஒரு வேலை இருக்கு."

அவர் பெரிய மனதோடு மன்னிக்கப் போகிறார் என்று நினைத்துவிடாதே. அவர் கோபமாகத்தான் இருந்தார். வெள்ளிக்கிழமை காரில் என்னோடு பேசவேயில்லை. தேவாலயத்துக்குப் போடுகிற ஜாக்கெட்டைப் போட்டிருந்தார். கிளினிக்கில் வாகனம் நிறுத்த இடம் தேடி நான் சுற்றியதில் அவர் இறங்கி முன்னால் போய்விட்டார். நான் அப்பாவின் உடுப்புப் பையோடு அறைக்குள் போனபோது அப்பா ஜன்னலோரக் கதிரையில், காலை ஒரு ஸ்டூலில் நீட்டிக்கொண்டு இருந்தார். மாமா எதிரே மற்றக் கதிரையில் இருந்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

அப்பா தமிழில் கேட்டார். "இவர் ஏன் வந்தவர்? வந்து கனநேரம். வாயே திறக்கிறாரில்லை."

"நீங்கள் ஏதாவது குடுத்தனீங்களோ?"

"என்னத்தைக் குடுக்கிறது? இதென்ன கலியாண வீடோ?"

"தண்ணி குடுங்கோ."

"அவர் கேக்கேல்லையே."

"கேக்க மாட்டார். குடுங்கோ, அப்பா."

மேசையில் ஒரு போத்தல் தண்ணீரும் அப்பா குடிக்கிற கிளாஸும் இருந்தன. வேறு கிளாஸ் இல்லை. அப்பா என்னைப் பார்த்தார், தாதியிடம் போய் இன்னொன்று வாங்கி வரட்டும் என்று. நான் அசையவில்லை. அவர் போத்தலைத் திறந்து, தன் கிளாஸில் ஊற்றி, எட்டிக் கொடுத்தார். மாமா இரண்டு கையாலும் வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"இப்ப நீங்கள் கேக்க வேணும்," என்றார்.

"என்னத்தைக் கேக்க?"

"நான் ஏன் வந்தனான் எண்டு."

அப்பா என் பக்கம் திரும்பினார். "இதென்னடா விளையாட்டு?"

"கேளுங்கோ."

அப்பாவின் ஜேர்மன் தொழிற்சாலை ஜேர்மன், அதற்கு வளைவு நெளிவு கிடையாது. "சரி. ஏன் வந்தனீர்?"

மாமா நிமிர்ந்து இருந்தார். "புதன்கிழமை உங்களைக் கூட்டிக்கொண்டு போறதைப் பற்றிக் கதைக்க வந்தனான். கீழ் அறை காலியா இருக்கு."

"அது உங்கட வீடு. அங்க நான் ஆர்?"

"அங்க இருக்கிற மற்ற ஆக்கள் ஆர்? என்ர மனிசியின்ர தங்கச்சி ஆறு கிழமை நிக்கிறன் எண்டு வந்தவ. எட்டு வருசமாச்சு."

"நான் நாலு கிழமைக்கு மேல நிக்க மாட்டன்."

"அவவும் அப்பிடித்தான் சொன்னவ."

அடுத்த கட்டிலில் காதில் ஹெட்போனோடு படுத்திருந்த ஜேர்மன்காரர் சிரித்தார். ஹெட்போனில் சத்தம் ஒன்றும் ஓடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"இன்னொண்டு," என்றார் மாமா. "நீங்கள் ஏன் எங்கட வீட்டில தண்ணி எடுக்கிறேல்லை எண்டு உங்கட மகன் சொன்னவன்."

அப்பா என்னைப் பார்த்தார். "என்னடா சொன்னனீ?"

"உள்ளதைச் சொன்னன்."

அவர் முழங்காலில் கட்டியிருந்த பட்டியை இழுத்துச் சரி செய்தார். அது சரியாகத்தான் இருந்தது. "அது பழக்கம்," என்றார் ஜேர்மனில், என்னிடமா மாமாவிடமா என்று தெரியாமல்.

"எனக்கும் ஒரு பழக்கம் இருக்கு," என்றார் மாமா. "தண்ணி எடுக்காத ஆளோட கதைக்கிறேல்லை. அந்த வீடு சின்னன். ரெண்டு பழக்கமும் அதுக்குள்ள இருக்க ஏலாது. உங்கட மகனையும் என்ர மகளையும் பாத்து நான் இவ்வளவு நாள் பொறுத்தனான். என்ர அறையை விட்டுத் தந்திட்டு, அதுக்குள்ள ஒருத்தர் என்னைக் குறைவாப் பாத்துக்கொண்டு படுத்திருக்கிறதை நான் பொறுக்க மாட்டன். யோசியுங்கோ." எழும்பினார். பிறகு ஞாபகம் வந்ததுபோல், "வந்தா சும்மா இருக்கேலாது. அந்த வீட்டில எல்லாருக்கும் வேலை. நான் விடியத்தான் வீட்டை வாறன், பேரனைப் பாக்கிறதும் நான்தான், நித்திரையே இல்லை. காலையில நீங்கள் அவனைப் பாக்க வேணும்."

"எனக்குக் கால் ஏலாது."

"கண் ஏலுமோ?"

"கண் நல்லா இருக்கு."

"அது காணும். ஓடினாச் சத்தம் போடுங்கோ, ஆராவது பிடிப்பினம்." கை கொடுத்தார். அப்பா கொடுத்தார். மாமா பஸ்ஸில் போவதாகச் சொல்லிப் போய்விட்டார். மாத டிக்கெட் கையில் இருக்கும்போது காரில் போவது அவருக்கு வீண்.

அவர் போன பிறகு அப்பா அந்தக் கிளாஸைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரை போடுகிற நேரம். கழுவச் சொல்லி என்னிடம் தருவார் என்று நினைத்தேன். தரவுமில்லை, அதில் ஊற்றிக் குடிக்கவுமில்லை. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"புதன்கிழமை எத்தினை மணிக்கு வருவாய்?"

"பத்துக்கு."

"சாப்பாட்டை நீ வெளியில வாங்கித் தா."

"ஏலாது. மாமி விடமாட்டா."

"சோறும் பருப்பும் காணும்."

"மாமி சமைக்கிறதுதான்."

"உறைப்புப் போடுவினமோ?"

"உங்களைவிட."

"மீன்?"

"கிழமையில ரெண்டு நாள்."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, சாப்பிடுவேன் என்றும் சொல்லவில்லை. நான் நேற்றும் போனேன். கால்பந்து பற்றிப் பேசினோம். சவர மெஷினை வீட்டிலிருந்து எடுத்து வைக்கச் சொன்னார். எந்த வீட்டில் வைக்க என்று நான் கேட்கவில்லை.

நீ இதைப் படிக்கும்போது இது எப்படி முடிந்தது என்று உனக்குத் தெரிந்திருக்கும். அவர் உன்னைக் காலையில் பார்த்தாரா, மாமாவோடு பேசினாரா, அல்லது இரண்டாம் நாளே டாக்சி பிடித்தாரா என்பதெல்லாம் உன் சிறுவயது. எனக்கு இன்னும் நடக்கவில்லை. ஆகவே இதிலிருந்து என்ன படித்தேன் என்று உனக்கு எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. பொறுமையாக இரு என்றும் சொல்லமாட்டேன். அது என்னிடம் இல்லாத சாமான். ஒன்றைத்தான் சொல்ல முடியும். இரண்டு குடும்பத்துக்கு நடுவில் இரண்டு மொழியும் தெரிந்தவனாக நிற்கிறவன், சமாதானத்துக்கு என்று ஒரு சொல்லை விழுங்கினால், விழுங்கியது அவன் வயிற்றில் நிற்காது. இரண்டு பக்கமும் போய் வேறு வேறு அர்த்தத்தில் முளைக்கும். மாமா மாமியின் ஊர் மொழியும் சேர்த்து உனக்கு மூன்று மொழி தெரிந்திருக்கும். என்னைவிடப் பெரிய பிழை விட உனக்கு வசதி உண்டு.

தெருவில் குரல் கேட்கிறது, வருகிறார்கள்போல. நீயும் புரளுகிறாய். இனி நான் செய்யப்போவது:

1. நாளை வேலைக்குப் போக முன் கிளினிக்குக்கு அழைத்து, பராமரிப்பு இல்லத்து இடம் வேண்டாம் என்பேன். எதற்கும் இருக்கட்டும் என்று பிடித்து வைக்கச் சொல்லமாட்டேன்.

2. நாளை மாலை கீழ்க் கழிவறையில் இரண்டு கைப்பிடியும் உயர்த்திய இருக்கையும் பூட்டுவேன். முன்னறை ரேடியேட்டரைத் திறந்து வைப்பேன். மாமி மூடினால் மறுபடி திறப்பேன். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

3. செவ்வாய் நாலாம் மாடிக்குப் போய் அப்பாவின் தலையணை, சவர மெஷின், சாமிப் படம், அம்மாவின் படம் எடுத்து வருவேன். படங்களை எங்கே கொளுவலாம் என்று மாமியிடம் கேட்டுவிட்டுத்தான் சுவரில் துளை போடுவேன்.

4. அத்தை கூப்பிட்டு, அந்த ஆட்களிடமா விட்டிருக்கிறாய் என்று கேட்டால், ஓம் என்பேன். அதற்கு மேல் விளக்கம் இல்லை.

5. புதன் விடுமுறை எடுத்துப் பத்து மணிக்கு அங்கே நிற்பேன். வழியில் காரைத் திருப்பு என்பார். திருப்பமாட்டேன்.

6. அன்று மேசையில் எல்லோரும் இருக்கும்போது, இந்தப் பக்கம் சொல்வதை அந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கம் சொல்வதை இந்தப் பக்கத்துக்கும் சொன்னபடியே சொல்வேன். குத்தல் என்றால் குத்தல், வசவு என்றால் வசவு. வேண்டாம் என்று அப்பா சொன்னால், ஏன் வேண்டாம் என்பதையும் அவரையே சொல்ல வைத்து, அதையும் மொழிபெயர்ப்பேன்.